விசில் இல்லாத மைதானம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போக நினைக்கிறது, மற்றபடி குறையில்லை. நீயும் மருமகளும் பேரனும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன், ஏனென்றால் உடம்பு சரியில்லாவிட்டால் அன்றே போன் செய்துவிடுவாய், நன்றாக இருக்கும்போது உனக்கு எங்கள் நினைவு வந்ததற்கு இதுவரை சான்று இல்லை. சின்னவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மாதம் ஒரு முறை வருகிறாள், அண்ணன் போன் பண்ணினானா என்று கேட்டுக்கொண்டே வீட்டிலுள்ள சாமான்களையெல்லாம் இடம் மாற்றி வைக்கிறாள், இனிமே எல்லாம் கைக்கு எட்டும்மா என்று சொல்லிவிட்டுப் போகிறாள், அவள் அடுத்த மாதம் வரும்வரை நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. பிளம்பர் வந்து பார்த்து, இது சொட்டுற குழாய்ம்மா, சொட்டத்தான் செய்யும் என்றார். ஒரு நோயை இவ்வளவு தெளிவாக யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

நீ போனில் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பேரன் படிக்கும் பள்ளியில் அடுத்த வருடத்திலிருந்து விருப்பப்பட்ட பையன்களுக்கு ஓவிய வகுப்பையும் விளையாட்டு வகுப்பையும் எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் கூடுதலாகக் கணக்கும் அறிவியலும் சொல்லித்தருவார்கள் என்றும், அதற்கான படிவத்தில் மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாய். நீங்கதான் கணக்கு டீச்சராச்சே, ஒரே வார்த்தையில சொல்லுங்கம்மா, போடவா வேண்டாமா என்று கேட்டாய். போன மாதம் கேட்டிருந்தால் நீ கேள்வியை முடிக்கும் முன்பே போடு என்று சொல்லியிருப்பேன். இருபத்தாறு வருடமாக எல்லாப் பெற்றோருக்கும் அதைத்தான் சொல்லி வந்தேன். இப்போது சொல்ல முடியவில்லை. ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியில் சிக்னல் இல்லை என்பாய், அதனால்தான் கடிதம். கடிதத்தில் சிக்னல் போகாது.

இங்கே எங்கள் பள்ளியில், அதாவது நீயும் படித்த அதே ஆண்கள் பள்ளியில், பத்தாம் வகுப்புக்கு வாரத்துக்கு இரண்டு ஓவிய வகுப்பு, இரண்டு விளையாட்டு வகுப்பு என்று கால அட்டவணையில் உண்டு. அந்த அட்டவணையைப் பத்தொன்பது வருடமாகப் போட்டவள் நான்தான், அந்த நான்கையும் நானே எழுதி, நானே பறித்தும் வந்தேன். இதற்கு ஒரு முறை உண்டு. இடைவேளையில் ஆசிரியர் அறையில் ஓவிய வாத்தியார் பக்கத்தில் போய் நின்று, சார், முகம் ஒரு மாதிரி இருக்கே, தலைவலியா என்று கேட்க வேண்டும். அவர் சற்று யோசித்துவிட்டு, இருக்கும்போலத்தான் இருக்கு டீச்சர் என்பார். அப்படியென்றால் வகுப்பு எனக்கு. விளையாட்டு வாத்தியாரிடம் தலைவலி எடுபடாது, அவருக்குத் தலை ஒருநாளும் வலித்ததில்லை. அவரிடம் மழை வரும்போல இருக்கு சார் என்பேன். அவர் சன்னலுக்கு வெளியே சுட்டெரிக்கும் வெயிலைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார், வரட்டும் டீச்சர் என்பார். கணக்கு டீச்சர் வந்தா வானமே இருட்டிக்கும்டா என்று பையன்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும், அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். நம் பள்ளியின் மதிப்பெண் சராசரி ஏறியதற்கு என் உழைப்பும் அவர்கள் இருவரின் பெருந்தன்மையும் பாதிப்பாதி காரணம், மேடையில் என் உழைப்பைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

இருவரையும் உனக்குத் தெரியும், இருந்தாலும் நீ பார்த்தது கொஞ்சம்தான், அதற்கும் காரணம் நான். ஓவிய வாத்தியார் வகுப்பில் ரப்பர் கூடாது. கோடு தப்பாகப் போனால் அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் சரியான கோட்டைப் போட வேண்டும். எல்லாவற்றையும் பெரிதாக வரையச் சொல்வார், சின்னதா வரைஞ்சா தப்பு ஒளிஞ்சுக்கும்டா என்பார். ஒருநாள் மேசைமேல் நாற்காலியைக் கவிழ்த்து வைத்து வரையச் சொல்லியிருக்கிறார். ஒருத்தன் எழுந்து, சார் இது நாற்காலி மாதிரியே இல்லையே என்றானாம். நாற்காலி மாதிரி இருக்கிறதை நீ நேத்தே வரைஞ்சுட்ட, இன்னைக்கு அங்க என்ன இருக்கோ அதை வரை என்றாராம். இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு பையனிடமும் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை, விடை என்ன என்றுதான் கேட்டிருக்கிறேன்.

விளையாட்டு வாத்தியாரின் வழக்கம் நீ போன பிறகு வந்தது. அவருடைய விசில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. புதிது வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் மூன்று கடைகளில் விலை கேட்டு வாருங்கள் என்றார்கள். இந்த ஊரில் விசில் விற்கும் கடைகள் இரண்டுதான். மூன்றாவது கடைக்காக அந்தக் கோப்பு ஏழு மாதம் காத்திருந்தது. அந்த ஏழு மாதமும் கால்பந்து நிற்கவில்லை. அவர் பையன்களைக் கூப்பிட்டு, ஃபவுல் பண்ணவன் அவனே கையைத் தூக்கணும், தூக்கினா ஆட்டம் நிக்கும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். முதல் வாரம் ஒருவனும் தூக்கவில்லையாம், இரண்டாம் வாரம் சண்டையாம், மூன்றாம் வாரம் ஒருத்தன் தூக்கினானாம். விசில் வந்து சேர்ந்தபோது அது தேவைப்படவில்லை. இன்றும் உறை பிரிக்காமல் அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இப்போது நடந்ததைக் கேள். அரையாண்டுத் தேர்வில் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள்களை நான் திருத்தினேன். நாற்பது பேர். வடிவியலில் வட்டமும் அதற்கு வெளியே ஒரு புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகளும் வரைய வேண்டும், எட்டு மதிப்பெண். ஏழு பையன்கள் மட்டும் அதை விடைத்தாளில் வரையாமல், தனியாக ஒரு தாள் கேட்டு வாங்கி, பக்கம் முழுக்கப் பெரிதாக வரைந்து இணைத்திருந்தார்கள். கீழ் வகுப்பிலிருந்தே பெரிதாக வரைந்து பழகிய கை, எங்கிருந்து வந்த பழக்கம் என்று உனக்குத் தெரியும். ஏழும் அச்சடித்தது போல இருந்தன, ஏழுக்கும் முழு மதிப்பெண் போட்டேன். போட்டவள், வடிவியல் கட்டத்தில் எட்டு என்று எழுதிவிட்டு, கடைசியில் இணைப்புத் தாளுக்கென்று அதே எட்டை மறுபடியும் சேர்த்துக் கூட்டிவிட்டேன். ஏழு பேருக்கும் எட்டெட்டு மதிப்பெண் அதிகம். கணக்கு டீச்சர், கூட்டலில். அப்பாவிடம் சொன்னபோது அவர் பேப்பரை இறக்கிப் பார்த்து, சந்தோஷம், இத்தனை வருஷமா வீட்டுல தப்பு பண்றது நான் ஒருத்தன்தான்னு நினைச்சேன் என்றார்.

தப்பு தெரிவதற்குள் பட்டியல் மேலே போய்விட்டது. சராசரி எண்பத்தொன்று. எங்கள் நிர்வாகக் குழுத் தலைவர் டயர் கடை வைத்திருப்பவர், வேகமான மனிதர், மறுநாளே வாசலில் பேனர் கட்டிவிட்டார். அதற்கு அடுத்த நாள் நான் வகுப்பில் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் எழும் கைகளெல்லாம் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று கேட்பவை. அன்று தடுப்பாட்டம் ஆடும் நெட்டையன் ஒருவன் கையைத் தூக்கி, டீச்சர் எனக்கு எட்டு மார்க் கூட இருக்கு என்றான். எடுத்துப் பார்க்கிறேன், இருக்கிறது. அதற்குள் இன்னொரு கை, பிறகு இன்னொன்று, ஆறு கைகள். அவர்களுக்கு எழுபதும் தொண்ணூறும், எட்டு போனால் பெரிய நட்டமில்லை. ஏழாவது கை கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தது, மிகவும் மெதுவாக, பாதியில் ஒருமுறை நின்றுவிட்டு எழுந்தது. அவனுக்கு நான் போட்டிருந்தது முப்பத்தெட்டு. தேற முப்பத்தைந்து வேண்டும். எட்டு போனால் முப்பது. தப்பு பண்ணினது நான்தானே, நீ ஏன்டா கையைத் தூக்குற என்று கேட்டேன், எனக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. அவன் காலைப் பார்த்துக்கொண்டே, யார் அடிச்சிருந்தாலும் பந்து இப்போ என் காலடியிலதானே டீச்சர் இருக்கு என்றான்.

அன்று சாயங்காலம் நான் மைதானத்துக்குப் போனேன். இருபத்தாறு வருடத்தில் முதல்முறை. விளையாட்டு வாத்தியார் மதில்மேல் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார், ஆட்டத்தைப் பார்த்தது பாதி நேரம்தான். பையன்கள் மோதினார்கள், விழுந்தார்கள், கை எழுந்தது, ஆட்டம் தானாக நின்றது, எதிரணிக்காரன் பந்தை வைத்து உதைத்தான், மறுபடி ஓடினார்கள். தூக்கியவனை யாரும் திட்டவில்லை. ஒருத்தன் யார் கண்ணிலும் படாத ஒன்றுக்குக் கையைத் தூக்கினான், எதிரணிப் பையனோ, டேய் நீ தொடவேயில்லடா, நடிக்காம ஓடு என்று விரட்டினான். நியாயத்துக்காக எதிரிகள் இப்படிச் சண்டை போட்டு நான் எங்கேயும் பார்த்ததில்லை, ஆசிரியர் கூட்டத்தில் நிச்சயமாகப் பார்த்ததில்லை. அந்தக் கடைசி பெஞ்சுப் பையனும் ஆடிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னீர்களா சார் என்று கேட்டேன். போய் உன் இடத்துல நில்லுன்னு சொன்னேன் டீச்சர் என்றார். அவ்வளவுதானா என்றேன். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, கை தூக்கினதுக்குக் கை தட்டினா, அடுத்த தடவை தட்டுறதுக்காகத் தூக்குவான் என்றார். வீட்டுக்கு வந்து நான் படித்த கல்வியியல் புத்தகங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தேன், கனமானவை, அலமாரி ஆடாமலிருக்க உதவுகின்றன.

சராசரி எழுபத்தொன்பது புள்ளி ஆறாக இறங்கிவிட்டது. சனிக்கிழமை தலைமையாசிரியர் அறையில் குழு கூடியது. டயர் கடைத் தலைவர், செயலாளரான பல் டாக்டர், தலைமையாசிரியர், எதிரே நான், தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறி. அவர்கள் முன்பே விசாரித்து முடிவுக்கு வந்திருந்தார்கள். ஓவிய வாத்தியார் பெரிதாக வரையப் பழக்கியதால்தான் தனித் தாள் வந்தது, தனித் தாள் வந்ததால்தான் தப்பு நடந்தது, விளையாட்டு வாத்தியார் கை தூக்கப் பழக்கியதால்தான் தப்பு வெளியே வந்தது. தப்பு நடக்க ஒருவர் காரணம், அது தெரியவர இன்னொருவர் காரணம், தப்பைச் செய்தவளுக்கு மட்டும் டீ கொடுத்து உபசரித்தார்கள். இனிப் பத்தாம் வகுப்புக்கு ஓவியமும் விளையாட்டும் கிடையாது, நான்கு வகுப்பும் கணக்குக்கு. ஓவிய வாத்தியார் அரைநாள் வேலையில் கீழ் வகுப்புகளுக்குப் போவார், விளையாட்டு வாத்தியார் காலையும் மாலையும் பஸ் வரிசையைப் பார்த்துக்கொள்வார். இதைக் கணக்குத் துறை பரிந்துரைக்கிறது என்று நான் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. உங்களுக்குத்தான் டீச்சர் லாபம், இனிமே யாரையும் கெஞ்ச வேண்டாம் பாருங்க என்றார் தலைவர். பல் டாக்டர் மென்மையானவர், பசங்க சொன்னது தப்பில்ல டீச்சர், ஆனா எல்லார் முன்னாடியும் சொன்னாங்களே, அதான் வலிக்குது என்றார். தலைமையாசிரியர், நேர்மை வேண்டாம்னு யார் சொன்னா, அதுக்கு ஒரு நேரம் இருக்கு, பப்ளிக் பரீட்சை முடியட்டும், அப்புறம் தாராளமா இருக்கட்டும் என்றார்.

பேனாவை, மூடியைக் கழற்றி, என் கையில் கொடுத்தார்கள். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, பெரியவனே, எனக்குப் போடத்தான் தோன்றியது. எத்தனையோ வருடம் தலைவலியும் மழையும் சொல்லி வாங்கிய நான்கு வகுப்புகள், யாரும் கேட்காமல் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தது போல வந்து நின்றன. போட்டிருந்தால் அந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள், அவர்கள் சுபாவம் அது. ஆனால் அந்தப் பையன் கை பாதியில் நின்றது கண்ணுக்குள்ளேயே இருந்தது. நான் பேனாவை வைத்துவிட்டு, கூட்டினது நான், தப்பு என்னோடது, அதை அப்படியே பதிவுப் புத்தகத்துல எழுதிடுங்க சார் என்றேன். தலைமையாசிரியர் பதறிப்போய், கணக்கு டீச்சருக்குக் கூட்டல் வரலைன்னு எழுதினா ஊர் சிரிக்காதா என்றார். நான் அந்தப் பையனின் விடைத்தாளை எடுத்து மேசைமேல் வைத்து, நீங்க மூணு பேரும் ஒருதரம் கூட்டிப் பாருங்க என்றேன். பல் டாக்டருக்கு என்னைப் போலவே முப்பத்தெட்டு வந்தது. தலைமையாசிரியருக்கு முப்பத்து நான்கு வந்தது, பேனா சரியில்லை என்றார். தலைவர் கடையில் கூட்டிக் கூட்டிப் பழகியவர், விரலை ஓட்டி முப்பது என்று சரியாகச் சொன்னார். சொன்னவர் தாளைக் கீழே வைக்கவில்லை. அந்த வட்டத்தையும் இரண்டு தொடுகோடுகளையும் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். இதை வரைஞ்சவனா ஃபெயில் என்று கேட்டார். இதுக்குத்தான் சார் எட்டு, மத்த எல்லாத்துக்கும் சேர்த்து இருபத்திரண்டு என்றேன். அழிச்ச தடமே இல்லையே என்றார். அந்த வகுப்புல அழிக்க விடமாட்டாங்க சார், தப்பான கோடும் இருக்கும், பக்கத்துல சரியானதும் இருக்கும் என்றேன். அப்புறம் நாக்கு சும்மா இருக்காமல், நம்ம பேனர்லயும் அப்படியே செய்யலாம், எண்பத்தொண்ணு மேல ஒரு கோடு, பக்கத்துல எழுபத்தொன்பது புள்ளி ஆறு என்று சொல்லிவிட்டேன். தலைவர் விடைத்தாளை என்னிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

முடிவு இதுதான். நான்கு வகுப்புகளும் இருக்கும். இரண்டு வாத்தியார்களும் அவரவர் வேலையில் இருப்பார்கள். தப்பு என்னுடையது என்று பதிவுப் புத்தகத்தில் ஏறிவிட்டது, அதன் பலனாக அட்டவணை போடும் பொறுப்பு என்னிடமிருந்து எடுக்கப்பட்டு இளம் இயற்பியல் ஆசிரியரிடம் கொடுக்கப்பட்டது. பேனரைத் துவைப்பதற்காகக் கழற்றினார்கள், இன்னும் காயவில்லை. பத்தொன்பது வருடம் போட்ட அட்டவணை கைவிட்டுப் போனது எனக்கு வருத்தம்தான், இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, அதைப் பெருந்தன்மை போல எழுத எனக்கு வரவில்லை. அந்தப் பையன் மத்தியான இடைவேளையில் என்னிடம் வந்து இயற்கணிதம் படிக்கிறான். இன்னும் வரவில்லை. வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வராததை வரவில்லை என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறான், அதனால் எங்கள் இருவருக்கும் நிறைய நேரம் மிச்சமாகிறது.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. நீ பத்தாம் வகுப்புப் படித்த வருடம் உன் வகுப்பின் ஓவிய நேரத்தில் ஒன்றைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. நீ கணக்கில் தொண்ணூற்றேழு வாங்கினாய், அதை நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். போன வருடம் நீ போனில், ஞாயித்துக்கிழமை வந்தா என்ன பண்றதுன்னே தெரியலைம்மா, கை சும்மா இருக்கு என்றாய். நான் ஏதாவது புத்தகம் படி என்றேன். இந்தக் கூட்டம் முடிந்த மறுநாள் ஆசிரியர் அறையில் ஓவிய வாத்தியாரிடம் போய், சார் எங்க பெரியவன் எப்படி வரைவான் என்று கேட்டேன். நன்றாக வரைவான், நீங்கள்தான் கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்வார், வாங்கிக்கட்டிக்கொள்ளலாம் என்றே போனேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, சுமாராத்தான் வரைவான் டீச்சர் என்றார். பிறகு, ஆனா சந்தோஷமா வரைவான், மணி அடிச்சாலும் எழுந்திரிக்க மாட்டான் என்றார்.

ஆகவே நான் ஒரு பெரிய ஓவியனை உலகத்துக்கு இல்லாமல் செய்துவிட்டேன் என்று அழுவதற்கு வழியில்லை, அப்படி இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்திருக்கும். சுமாராக, சந்தோஷமாக ஒரு காரியம் செய்துகொண்டிருந்த என் பிள்ளையை மணி அடிக்கும் முன்பே எழுப்பிவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். பேரன் நன்றாக வரைகிறானா, நன்றாக ஓடுகிறானா என்று நீ யாரிடமும் போய்க் கேட்காதே. அவன் சுமாராகவே வரையட்டும், தோற்றே வரட்டும். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதே.

அப்பா இதைப் படித்துவிட்டு, பையன் ஒரு வார்த்தைதானே கேட்டான் என்கிறார். மருமகளிடம் என் அன்பைச் சொல், வேலையை அவளே எல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்ள விடாதே. பேரனுக்குக் குளிர் நேரத்தில் காதை மூடி அனுப்பு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எங்கள் இருவருக்கும் எப்போதும் உள்ள நினைப்பு. மாதக் கடைசிக்குள் அந்தப் படிவத்தைக் காலியாகவே திருப்பிக் கொடுத்துவிடு, மறந்துவிடாதே, கொடுக்காமல் விட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள், பள்ளிக்கூடங்களை எனக்குத் தெரியும்.

உன்மேல் அன்பும், கொஞ்சம் வெட்கமும் உள்ள,
அம்மா